சோனிபட்டில் விடப்படாத கொசுக்கள்

“எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணியே தீரணும்னு என்னடா கட்டாயம்? சிலதை அப்படியே விட்டுடணும்” என்று சித்தப்பா சொன்னபோது என்னிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. அறிவுக்கு வேலி போட ஆரம்பித்தால் யார் போடுவது, எங்கே நிறுத்துவது என்று படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அவரிடம் அது எடுபடவில்லை. கடலூரில் பைலேரியா (யானைக்கால் நோய்) பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கொசுவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அவர் சொன்னதும் கொசுவைப் பற்றித்தான்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொசு முட்டைகளைப் புதுச்சேரியில் பொரிக்கவைத்திருக்கிறார்கள், அந்தக் கொசுக்களின் உடம்பில் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அவற்றைத் தெருவில் விடப்போகிறார்கள், இது உயிரி ஆயுதம், ஃபார்வர்ட் செய்யவும். இதில் தமாஷ் என்னவென்றால் கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை. புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் (டெங்குவைப் பரப்பும் வகை) கொசு முட்டைகளை வரவழைத்தது. அவற்றை நம் ஊர்க் கொசுக்களோடு கலந்து இரண்டு வகைகளை உருவாக்கிவிட்டதாக 2022-இல் அறிவித்தது. வோல்பாக்கியா உள்ள கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. அவ்வளவுதான் சங்கதி. வெளியில் விடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்றும் அப்போதே சொன்னார்கள்.

நான் இதையெல்லாம் விளக்கினேன். சித்தப்பா கேட்டுக்கொண்டார். “நாங்க கொசுவைக் கொல்றதுக்குச் சம்பளம் வாங்குனோம். இவங்க வளர்க்கறதுக்கு வாங்குறாங்க” என்று சிரித்தார். பிறகு சொன்னதுதான் என்னை ஆட்டிப்படைத்தது. “தில்லிப் பக்கம் ஒருதரம் இதே மாதிரி கொசு வளர்த்து, விடப்போற நேரத்துல பார்லிமெண்ட் வரைக்கும் சண்டையாகி இழுத்து மூடுனாங்க. எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லியிருக்காங்க. சும்மாவா மூடுவான்?”

சும்மா மூடவில்லை. ஆனால் எதற்காக மூடினார்கள் என்பது, தோண்டத் தோண்ட, நான் நினைத்த மாதிரியும் இல்லை, அவர் நினைத்த மாதிரியும் இல்லை.

தில்லியில் ஒரு கொசுப் பண்ணை

1970 வாக்கில் உலக சுகாதார நிறுவனமும் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து தில்லியில் ஒரு பிரிவைத் தொடங்கின. கொசுக்களை மரபணு வழியில் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்ப்பது அதன் வேலை. டி.டி.டி. பூச்சிமருந்துக்குக் கொசுக்கள் பழகிவிட்ட காலம். மருந்தால் முடியாததை இனப்பெருக்கத்தைக் கெடுத்துச் சாதிக்கலாம் என்பது யோசனை. கூண்டில் லட்சக்கணக்கில் வளர்த்து, ஆண் கொசுக்களை மட்டும் பிரித்து, மலடாக்கி வெளியே விட வேண்டும். ஆண் கொசு கடிக்காது. அதனோடு கூடிய பெண் கொசு இடும் முட்டை பொரிக்காது. தில்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். வெளியிலிருந்து ஏற்கெனவே கருவுற்ற பெண் கொசுக்கள் பறந்து வந்து கணக்கைக் கெடுத்தன. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்வது.

அந்தப் பிரிவு கையாண்ட வழிகளில் ஒன்று, பாரிஸ் கொசுவின் பரம்பரையில் வந்த ஒரு வகையை இங்கே விடுவது. அந்த ஆணும் நம் ஊர்ப் பெண்ணும் கூடினால் முட்டை பொரிக்காது. ஹான்ஸ் லாவன் என்ற ஜெர்மானியர் 1967-இல் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில் இதைச் செய்துகாட்டியிருந்தார். ஏன் பொரிப்பதில்லை என்ற காரணம் 1971-இல் தெரிந்தது: வோல்பாக்கியா. வாட்ஸ்அப்பில் இன்று நம்மைப் பயமுறுத்தும் அதே பாக்டீரியாதான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தில்லிக் கிராமங்களிலும் பறந்தது. அது ஒன்றும் புதிதாக ஆய்வுக்கூடத்தில் செய்த பூதமில்லை. கியூலெக்ஸ் கொசுவின் உடம்பில் இயல்பாகவே இருப்பது. நம் சாக்கடைக் கொசு எப்போதும் அதைச் சுமந்துகொண்டுதான் நம்மைக் கடிக்கிறது.

அடுத்த கட்டமாக ஹரியானாவின் சோனிபட் நகரத்தில் ஏடிஸ் கொசுவை ஒழித்துக்காட்டத் திட்டமிட்டார்கள். இதற்கிடையே 1974 ஜூலையில் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. இந்தக் கொசு ஆராய்ச்சியின் பலன் இந்திய நோயாளிக்கு அல்ல, உயிரி ஆயுதம் செய்ய நினைப்பவர்களுக்கே என்பது அதன் சாரம். நாடாளுமன்றத்தில் வெடித்தது. ஜோதிர்மாய் போசு தலைமையிலான பொதுக் கணக்குக் குழு விசாரணையில் இறங்கியது. சோனிபட்டில் கொசுக்களை விடும் வேலை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 1975-இல் குழுவின் அறிக்கை வந்தது, பிரிவும் மூடப்பட்டது.

சந்தேகத்துக்கு இருந்த நியாயம்

இந்தக் கதையை விஞ்ஞானிகள் தரப்பிலிருந்து வாசித்தால், படிப்பறிவில்லாத அரசியல்வாதிகள் நல்ல வேலையைக் கெடுத்தார்கள் என்று இருக்கும். அந்தப் பிரிவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பூச்சியியலாளர் கிறிஸ் கர்ட்டிஸ், பிற்காலத்தில் இதை அரசியல் நோக்கத்தோடு கிளப்பப்பட்ட பொய்க் குற்றச்சாட்டு என்றே எழுதினார். ஆயுதத்துக்காகத்தான் அந்த வேலை நடந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை என்பதும் உண்மை.

ஆனால் அந்த வருஷங்களில் நம்மை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கான பணம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையிடமிருந்து, பி.எல். 480 கணக்கில் வந்தது. கோதுமை அனுப்பி, அதன் விலையை இங்கேயே ரூபாயாக வைத்திருந்து, அதிலிருந்து செலவழித்த பணம். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அமெரிக்காவின் ‘எண்டர்பிரைஸ்’ போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்த நினைவு ஆறவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய வலசைப் பறவை ஆய்வுக்கு அமெரிக்க ராணுவத்தின் பணம் வந்தது என்ற விவகாரமும் இதே விசாரணையில் அடிபட்டது. பறவையியலாளர் சாலிம் அலி போன்ற ஒருவரின் வேலையே கேள்விக்குள்ளானது என்றால் அன்றைய காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். பறவை எந்த உண்ணியை எங்கிருந்து எங்கே தூக்கிச் செல்கிறது என்பது, நோய்த் தடுப்பவருக்கும் நோய் பரப்ப நினைப்பவருக்கும் ஒரே அளவு பயன்படும் தகவல்.

இன்னொன்று. 1955-இல் அமெரிக்க ராணுவம் ஜார்ஜியா மாநிலத்தில் ‘ஆபரேஷன் பிக் பஸ்’ (Big Buzz) என்ற பெயரில் மூன்று லட்சம் ஏடிஸ் கொசுக்களை விட்டுப் பார்த்தது. நோய்க்கிருமி ஏற்றாத கொசுக்கள்தான். எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை பேரைக் கடிக்கும் என்று அறிவதற்கான சோதனை. ராணுவத்துக்கு ஏடிஸ் மீது ஏன் ஆசை என்றால், அது மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும். இந்தியாவில் கொசு உண்டு, மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து வருபவரிடம் விமான நிலையத்தில் இன்றும் தடுப்பூசிச் சான்று கேட்பது அதனால்தான். ஆகவே, மலேரியா மறுபடியும் தலைதூக்கிக்கொண்டிருக்கும் நாட்டில் (1976-இல் 64 லட்சம் பேருக்கு வந்தது) மலேரியாக் கொசுவை விட்டுவிட்டு ஏன் ஏடிஸைத் தேடிப் போகிறீர்கள் என்ற கேள்வியை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

கேள்வி வழுக்கிய இடம்

நாடாளுமன்ற ஏடுகளை வாசித்துப் பழக்கமுள்ளவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஒரு விதமான சுவாரசியம் உண்டு. குழுவின் கேள்விகள் பெரும்பாலும் ஒப்பந்தம், பணம், உரிமை பற்றியவை. தகவல் யாரிடம் போகிறது? இந்திய அதிகாரிகளுக்கு என்ன தெரியும்? வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சிகளை யார் பரிசீலிக்கிறார்கள்? ஆண் கொசுக்களை மலடாக்கப் பயன்படுத்திய தையோடெப்பா என்ற ரசாயனம் மரபணுவைச் சிதைக்கக்கூடியது. அதனால் கிராமத்து மனிதர்களுக்கு ஏதும் ஆகுமா? அத்தனையும் நல்ல கேள்விகள். இதற்கெல்லாம் நேரான பதில் வந்திருந்தால் சண்டை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆனால் முடிவுக்கு வரும்போது கேள்வி நழுவி வேறொன்றாகிவிடுகிறது. ‘இந்த ஒப்பந்தம் சரியில்லை’ என்பதிலிருந்து ‘இந்த ஆராய்ச்சியே நமக்கு வேண்டாதது, அந்நியருக்குத்தான் பயன்’ என்பதற்குத் தாவுகிறது. இந்தத் தாவலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் ஏடிஸ் நமக்கு வேண்டாத கொசு இல்லை. 1963-இல் கல்கத்தாவில் டெங்குவும் சிக்குன்குனியாவும் வந்தன. 1964-இல் சென்னையில் சிக்குன்குனியா. இரண்டையும் பரப்பியது ஏடிஸ்தான். மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாட்டுக்கு ஏடிஸ் எதற்கு என்று கேட்டவர்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் மூட்டு வலியால் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களை மறந்துவிட்டார்கள்.

ஏடிஸ் எவ்வளவு தூரம் பறக்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது, ஒரு ஊரில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று அளப்பதுதான் சோனிபட் வேலையின் அடிப்படை. அதே எண்கள் நகராட்சி சுகாதார அதிகாரியின் நோட்டிலும் இருக்கும், ராணுவக்காரரின் நோட்டிலும் இருக்கும். தலைப்பை மட்டும் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று பிரிக்க வழியில்லை. நோட்டு யார் கையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமா என்பதுதான் வித்தியாசம். அதைச் சரிசெய்வது கஷ்டமான வேலை. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், பணத்தை நம் கஜானாவிலிருந்து எடுத்து வைக்க வேண்டும், ஊர்க்காரர்களிடம் போய்ப் பேச வேண்டும். தலைப்பை மூடுவது சுலபம். ஒரு கையெழுத்து போதும். நம் அரசு சுலபமானதைச் செய்தது.

1996-இல் தில்லியில் டெங்கு வந்து 400-க்கும் அதிகமானோர் செத்தார்கள். தில்லிக்குப் பக்கத்து ஊர்தான் சோனிபட். 2006-இல் சிக்குன்குனியா நாடு முழுக்க அடித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பிரிவு மூடப்படாமல் இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரு சிறு நகரத்துச் சோதனை, அதுவும் வெற்றி பெறுமா என்றே தெரியாத சோதனை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சோதனை தோற்றிருந்தால்கூட, தோற்றது என்பதாவது தெரிந்திருக்கும்.

இதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது, அதை மறைத்தால் சித்தப்பா என்னை விட மாட்டார். கொசுவின் மரபணுவை விட்டு நகர்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தத் தில்லிப் பிரிவில் இருந்த வி. பி. சர்மா பிறகு மலேரியா ஆராய்ச்சி மையத்தை நடத்தி, குஜராத்தில் பள்ளங்களை மூடியும் குளங்களில் மீன் விட்டும் மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். 1975-இல் தொடங்கிய புதுச்சேரி மையம் 1981 முதல் 1985 வரை நகரத்தின் சாக்கடையையும் கிணறுகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் ஒழுங்குபடுத்தி யானைக்கால் நோயைப் பெரிதும் குறைத்தது. வெளிநாட்டு விசித்திரக் கொசு எதுவும் தேவைப்படவில்லை. சித்தப்பாவின் தலைமுறை கற்றுக்கொண்டது அந்த வேலையைத்தான். ஒரு கதவை மூடியதால் இன்னொரு கதவு திறந்தது என்று யாராவது வாதாடினால் என்னால் முழுசாக மறுக்க முடியாது.

‘அதுல போகாதே’

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கொசுவின் மரபணுவை ஆராயக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் வரவில்லை. தேவைப்படவில்லை. ஒருமுறை பார்லிமெண்டில் அடிவாங்கிய தலைப்பை எந்த கைடும் மாணவருக்குக் கொடுக்க மாட்டார். என் தோழி ஒருத்தி வேறொரு துறையில், ஒரு மாவட்டத்து ஆலைக் கழிவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசைப்பட்டாள். கைடு தடுக்கவில்லை. “நல்ல தலைப்புதான்மா. ஆனா அதுல போனா சாம்பிள் எடுக்கவே அலையணும், யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. வேற பாக்கலாமே” என்றார். அவர் சொன்னது அக்கறையில்தான். அவள் இன்று டாக்டர், தலைப்பு வேறு. தடை என்று எங்கேயும் எழுதப்படாததால், அதை எதிர்த்து எங்கேயும் முறையிடவும் முடியாது.

கொசு, கிருமி என்று பயமுறுத்தும் பொருள்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2023-இல் அசோகா பல்கலைக்கழகத்தின் சப்யசாச்சி தாஸ், 2019 மக்களவைத் தேர்தலின் நெருக்கமான முடிவுகளைப் புள்ளிவிவரத்தால் அலசி ஒரு கட்டுரை எழுதினார். முறைகேடு நடந்திருக்கலாம் என்று அது சுட்டியது. பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டது, அவர் ராஜினாமா செய்தார். கட்டுரை தவறாகவே இருக்கட்டும். தவறு என்று இன்னொரு கட்டுரை எழுதிவிட்டுப் போகலாமே. அடுத்து தேர்தல் எண்களைத் தொட நினைக்கும் இளம் ஆய்வாளர் இனி பத்துமுறை யோசிப்பார். சேதம் அங்கேதான்.

அப்படியானால் எதையுமே தடுக்கக் கூடாதா? இங்கே நான் சித்தப்பா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். 2011-இல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியேவும் அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகாவும் தனித்தனியாக, எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸைப் பாலூட்டிகளிடையே காற்றில் பரவுமாறு மாற்றினார்கள். அப்படிப் பரவும் வைரஸ் இயற்கையில் இல்லை. இவர்கள் உண்டாக்கினார்கள். கட்டுரையின் விவரங்களை மறைத்து வெளியிடச் சொல்லி அமெரிக்காவின் ஆலோசனைக் குழு முதலில் சொல்லி, பிறகு மாற்றிக்கொண்டது. 2012-இல் இரண்டும் முழுசாக வெளிவந்தன. சோனிபட்டில் இருந்த கொசுவை எண்ணப் போனார்கள். இவர்களோ இல்லாத ஆபத்தைச் செய்துவைத்தார்கள். ஒரு குப்பி கை தவறினால் நோட்டு யார் கையில் இருந்தது என்பதெல்லாம் பேச்சாகாது. இந்த மாதிரி வேலையை நிறுத்திவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ‘அறிவுச் சுதந்திரம்’ என்று கொடி பிடிக்க மாட்டேன்.

ஆனால் அந்த வைரஸ் வேலை நிறுத்தப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். 2012 ஜனவரியில் 39 ஆய்வாளர்கள் தங்கள் பெயரைப் போட்டு, முதலில் 60 நாள் என்று கெடு சொல்லி, தாங்களே நிறுத்தினார்கள். அது நீண்டு ஒரு வருஷமானது, பிறகு பகிரங்கமாக முடித்தார்கள். யார் நிறுத்தினார், ஏன், எதுவரை என்று கேட்டால் பதில் இருந்தது. நம் கொசு ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு தேதி யாரும் குறிக்கவில்லை. அதனால் அதை மறுபடி திறப்பது யார் வேலை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது புதுச்சேரி

வோல்பாக்கியா கொசுவுக்கு இன்று நல்ல சாட்சி இருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் பகுதி பகுதியாகப் பிரித்து நடத்திய சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-இல் அது வெளியானது. அங்கே அதற்குப் பல வருஷம் முன்னாலேயே தெருத்தெருவாகப் போய்ப் பேசி, வீட்டுக்காரர்களின் சம்மதம் வாங்கித்தான் கொசு விட ஆரம்பித்தார்கள். மறுபக்கம், புர்கினா ஃபாசோவில் பல ஆண்டுகள் நடந்த மலேரியாக் கொசுத் திட்டத்தை 2025 ஆகஸ்டில் அந்நாட்டு ராணுவ அரசு நிறுத்தியது. வெளிநாட்டுப் பணம், மரபணு மாற்றிய கொசு, எதிர்ப்புப் பிரசாரம் என்று 1974-இன் அதே பல்லவி. மக்களிடம் போய்ப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அங்கேயும் கிராமங்களில் பேசியிருந்தார்கள்.

சித்தப்பாவிடம் யோக்யகர்த்தா கணக்கைக் காட்டினேன். எண்ணைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் ரத்தம் எடுக்கப் போன காலத்தைச் சொன்னார். யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும் என்பதால் பத்து மணிக்கு மேல் போய்க் கதவைத் தட்டி விரலில் குத்துவார்கள். “ரத்தத்தை எங்கடா கொண்டுபோய் விக்கிறீங்கன்னு விரட்டுவாங்க. அப்புறம் ஒருத்தன் கேட்டான், ரிசல்ட்டை எங்ககிட்ட எப்ப சொல்லுவேன்னு. அதுவரைக்கும் யாருக்கும் போய்ச் சொன்னதில்ல. அந்தத் தெருவுக்கு மட்டும் நானே போய்ச் சொல்ல ஆரம்பிச்சேன். அப்புறம் விரட்டல.”

1974-இல் குழு கேட்ட கேள்விகளில் பாதி இன்றைக்கும் அப்படியே பொருந்தும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, தகவல் யாருக்குப் போகிறது, கொசு விட்ட பிறகு ஏதாவது தப்பானால் யார் பொறுப்பு? வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆராய்ச்சிகளைப் பார்க்க சுகாதார அமைச்சகத்தில் ஒரு பரிசீலனைக் குழு இருக்கிறது. அது கோப்பைப் பார்க்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருப்பவர் அந்தக் கோப்பை எங்கே போய்ப் பார்ப்பார்? ஒப்பந்தத்தையும் சோதனை முடிவுகளையும் தமிழில் போட்டு, வார்டு வாரியாகக் கூட்டம் வைத்து, வேண்டாம் என்று ஒரு வார்டு சொன்னால் அந்த வார்டை விட்டுவிட்டுத் தொடங்கலாம். தாமதமாகும்தான். ஏற்கெனவே ஐம்பது வருஷம் தாமதமாகியிருக்கிறது, இன்னும் ஆறு மாதம் கூட ஆனால் என்ன?